மேற்குச் சுவரின் மணல்

மூன்று நாள் வீசிய ஷமால் என்னும் பாலை மணற்காற்று செவ்வாய்க்கிழமை மதியம் நின்றது. வேலை முடிந்து வந்து பார்த்தால் எங்கள் வீட்டின் மேற்குச் சுவரைக் காணவில்லை. சுவர் அங்கேதான் இருந்தது. வெளிப்பக்கம் அதன் விளிம்புவரை மணல் ஏறியதால், தெருவிலிருந்து பார்க்க ஒரு மேடு மட்டும்தான் தெரிந்தது. விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டிய மணல் முற்றத்தில் இடுப்பளவுக்குச் சரிந்து கிடந்தது. ஏசியின் வெளிப்பெட்டி பாதி புதைந்திருந்தது. கேட் ஓரடிக்கு மேல் திறக்க மறுத்தது. பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போய், செருப்பை உதறிவிட்டு, முதலில் டீ போட்டேன். பிறகு ஒரு தாளை எடுத்துப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன்.

நான் அப்போது ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் இன்ஜினியர். சிமெண்டைச் சேமிக்கும் சைலோக்களில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவிகள் என் பொறுப்பில் இருந்தன. கணவர் கத்தாரில், ராஸ் லஃபானில் வேலை பார்த்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் வருவார். ஆலையில் இன்ஜினியர்களுக்குத் தங்குமிடம் உண்டு. ஆனால் அது ஆண்களுக்கான பேச்சிலர் பிளாக். என்னை வேலைக்கு எடுத்தபோது பெர்சனல் மேனேஜர் கொஞ்சம் நெளிந்துகொண்டே சொன்னார்: "தங்குற இடத்த நீங்களே பாத்துக்கணும் மேடம். அது உங்களால முடியும்னாதான் இந்த வேலை." நான் பார்த்துக்கொண்டேன். ஆலையிலிருந்து கால் மணி நேர ஓட்டத்தில், பாலையை ஒட்டிய தெருவில் கடைசியாக இருந்த பழைய வீடு அது. எந்நேரம் கூப்பிட்டாலும் போய்ச் சேரக்கூடிய தூரம். அது கையை விட்டுப் போனால் ஷார்ஜாவில் கணவரின் அக்கா வீட்டுக்கு எதிர் ஃபிளாட்தான் கதி. அங்கிருந்து தினமும் போய்வந்து கூப்பிட்டபோதெல்லாம் ஆலைக்கு ஓட யாராலும் முடியாது. சுருக்கமாகச் சொன்னால், அந்த வீடு இருந்தால்தான் எனக்கு அந்த வேலை.

வீட்டுக்காரர் அன்று மாலையே பிக்கப்பில் வந்தார். அறுபது வயது அரபுக்காரர். ஹிந்தியும் அரபியும் கலந்து பேசுவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வண்டியை விட்டு இறங்காமலேயே சுவரை நோக்கிக் கையை நீட்டினார்.

"மேடம், யே தீவார் கிரேகா." சுவர் விழும் என்றார்.

"மணல எடுத்துடுவேன்."

காண்ட்ராக்டில் எழுதியிருக்கிறது, மணல் குடியிருப்பவர் பொறுப்பு என்று நினைவூட்டினார். எனக்கும் தெரியும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு படித்த ஆள் நான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவருடைய தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையன் இந்த வீட்டைத்தான் கேட்கிறான். வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை முடிந்து வருவாராம். அப்போதும் சுவரில் மணல் சாய்ந்திருந்தால் சனிக்கிழமை அவரே ஷவல் வண்டியை வரவழைத்துச் சுவரோடு சேர்த்து வாரிவிடுவார்.

"தீவார் கலாஸ். காண்ட்ராக்ட் பி கலாஸ்," என்று சொல்லிவிட்டு, "மாஃபி ஸஅல்," என்றும் சேர்த்துக்கொண்டார். சுவரும் முடிந்தது, காண்ட்ராக்டும் முடிந்தது, வருத்தம் வேண்டாம் என்று அர்த்தம். அவர் அதை மனதாரவே சொன்னார்.

கையில் இரண்டரை நாள் இருந்தது. ஆட்களைப் பிடிப்பதுதான் பட்டியலில் முதல் வரி. அது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை ஆலையில், சூளைப் பிரிவுக்கு ஆலோசகராக வந்திருந்த வடக்கு ஐரோப்பியரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் ஊரில் வாசலில் விழும் பனியை அவரவர் வாரித் தள்ள வேண்டுமாம். தள்ளாதவர்களைப் பற்றித் தெருவே பேசுமாம். முடியாதவர்கள் ஆளை அமர்த்திக்கொள்வார்கள், ஆனால் முதல் பனி விழுவதற்கு முன்பே பேசி வைத்துவிட வேண்டும். விழுந்த பிறகு தேடினால் ஆள் கிடைக்கவே மாட்டான்.

"உங்களுக்கு ஒரு சௌகரியம். பனி கடைசியில் உருகிவிடும்," என்றேன்.

"உங்களுக்கும் ஒரு சௌகரியம். மணலில் வழுக்காது," என்றார். அவர் வீட்டு வாசல் மணலுக்காக ஆலையின் வொர்க்‌ஷாப்பில் செய்யச் சொல்லி வைத்திருந்த ஒரு சாமானை எனக்கு இரவல் கொடுத்தார். பனி வாருவதற்கு அவர்கள் ஊரில் வைத்திருப்பதன் நகல் அது: கையகல விளிம்போடு அலுமினியத் தகடு, நீளமான கைப்பிடி.

ஆட்கள் விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது. காற்று நின்ற மறுநாள் ஊரே மணல் வார ஆள் தேடியது. முதல் லேபர் சப்ளை ஆபீஸில் போனையே எடுக்கவில்லை. இரண்டாவது ஆபீஸில் இருந்த மலையாளி கிளார்க், "எல்லாருக்கும் வெள்ளியாழ்ச்சதான் வேணும் மேடம். வேற நாள் சொல்லுங்க," என்றார். கணவர் போனில் ஒரு வழி சொன்னார்: "ரவுண்டானா பக்கத்துல வெள்ளிக்கிழமை காலைல நின்னுட்டு இருப்பாங்கள்ல, அவங்கள்ல நாலு பேர கூட்டிட்டு வந்துடு."

அப்படி நிற்பவர்களை எனக்கும் தெரியும். தங்களுக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீலுக்குத் தெரியாமல் வெளிவேலைக்கு வருகிறவர்கள். வீட்டு வாசலில் வைத்துப் பிடிபட்டால் அவர்களுக்கு விசா போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவர் பிழைப்பை அடகு வைக்க முடியாது என்றேன். "சரி தாயே, நீ பட்டியல் போட்டே செய்," என்றார் அவர்.

மூன்றாவது ஆபீஸ் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருந்தது. எங்கள் ஆலைக்கும் ஆள் அனுப்புகிறவர்கள். நேரில் போய் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை மதியம் மூன்று பேரின் கார்டு எண்களோடு, வேலை நடக்கும் வீட்டின் அடையாளத்தோடு, சீல் வைத்த கடிதம் கையில் கிடைத்தது. ஷவல் வண்டிக்கும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரே ஒரு தடவை வரும், ஒரு மணி நேரம் நிற்கும் என்றார்கள்.

அதற்கு ஏற்றபடி வேலையின் வரிசையை எழுதினேன். முதலில் கேட். அடுத்தது ஏசி. மூன்றாவது, முற்றத்து மணல் முழுவதையும் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோய் வெளிமேட்டின் ஓரத்தில் கொட்டுவது. நான்காவது, இரண்டு மணிக்கு ஷவல் வந்ததும் வெளிமேடு மொத்தத்தையும் ஒரே மூச்சில் வாரிவிடுவது. எந்த மணலையும் கையால் இரண்டு முறை தொட வேண்டியிருக்காது. எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு கேம்ப் வேன் மூவரை இறக்கிவிட்டது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர், நாற்பதுக்குள் இருக்கும். ஊரில் கொத்தனார், இங்கே ஹெல்பர். அவர்தான் பொறுப்பாளர். இரண்டாமவர் கடலூர்க்காரர், அவரைவிட இளையவர், வாய் ஓயாதவர். மூன்றாமவர் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். கதவு நிலை உயரம் இருந்தார்.

"அண்ணாச்சி, டீ குடிச்சிட்டு ஆரம்பிப்போம்," என்றேன். நான் கோவில்பட்டி, யாரைக் கூப்பிட்டாலும் அண்ணாச்சிதான்.

கடலூர்க்காரர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சின்னு கேட்டதும் மளிகைக் கடையில நிக்கிற மாதிரியே இருக்கு மேடம். கால் கிலோ துவரம்பருப்பு எடுத்துக் குடுக்கவா?"

"டேய், வேலையப் பாரு," என்றார் அறந்தாங்கிக்காரர். ஐரோப்பியரின் சாமானை எடுத்துக் காட்டினேன். அறந்தாங்கிக்காரரே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், முறத்துக்குக் கைப்பிடி போட்ட மாதிரி இருக்கு?" என்றார். அன்று முழுக்க அது முறம்தான்.

பட்டியலைப் படித்துக் காட்டி அவர் கையில் கொடுத்தேன். வாசித்தார். சுவரை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"மேடம், வெளியில கொஞ்சம் இழுத்து விட்டுட்டு அப்புறம் உள்ள எடுப்பமா?"

"வேணாம் அண்ணாச்சி. வெளிய கையால எடுத்தா நேரம் போயிடும். அதுக்குத்தான் வண்டி வருது. லிஸ்டுல இருக்கிற வரிசையிலயே போவோம்."

"சரிங்க மேடம். நீங்க சொன்னாச் சரி," என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வேலை நான் நினைத்ததைவிட வேகமாக நடந்தது. கேட் அரை மணி நேரத்தில் திறந்தது. ஏசி ஓடத் தொடங்கியது. முறத்தை யார் எடுப்பது என்று அவர்களுக்குள் போட்டி. மணல் உலர்ந்து கிடந்ததால், ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு மண்வெட்டி அளவு வந்தது. பட்டாணியர் தள்ளுவண்டியைக் காலியாக இருப்பது போலவே தள்ளிக்கொண்டு போனார். பதினொன்றரைக்கு அவர் கைகால் கழுவிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியபோது, முற்றத்தில் பாதி நீளத்துக்குச் சுவரின் அடிவரை சிமெண்ட் தரை தெரிந்தது. நான் மூன்றாம் வரிக்குப் பக்கத்தில் பாதி டிக் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் சுவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்த கம்பை முழங்காலில் வைத்து உடைப்பது போல. அவ்வளவுதான்.

"மேடம், வெளிய வாங்க," என்றார் அறந்தாங்கிக்காரர். குரலை உயர்த்தவில்லை. நாங்கள் மூவரும் வீட்டுப் படிக்குப் பின்வாங்கினோம். மணல் எடுத்த பகுதியில், கீழிருந்து நான்காம் வரிக் கல்லுக்கும் ஐந்தாம் வரிக் கல்லுக்கும் நடுவே முடியளவு கோடு ஒன்று ஓடியிருந்தது. அதற்கு மேலே இருந்த சுவர் முற்றத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது.

எனக்கு உடனே புரிந்தது. வெளியே ஆளுயர மணல் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே கிடந்த இடுப்பளவு மணல்தான் இத்தனை நாளும் அதற்கு முட்டுக் கொடுத்தது. அந்த முட்டைக் காலை முழுக்க நின்று நானே எடுக்க வைத்திருக்கிறேன். ஆலையில் சைலோவின் ஒரு பக்கம் மட்டும் காலியாகி மறுபக்கம் நிறைந்திருந்தால் சுவரே நெளிந்துவிடும். அப்படி ஆகாமல் இருக்க மணியடிக்கிற கருவியைப் பொருத்தியது நான். அதைத் தினமும் சோதிப்பதும் நான். ஆனால் அது சிமெண்ட், இது வீட்டுச் சுவர். இரண்டையும் நான் ஒன்றாக நினைத்துப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சதுதானே அண்ணாச்சி? காலைல கேட்டீங்களே. அழுத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "எழுதிக் குடுத்துட்டீங்க மேடம். எழுதினத மாத்தினா சைட்ல எங்களத்தான் கேப்பாங்க. ஒரு தடவை கேப்போம். அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டோம்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. டியூட்டி எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பதற்றப்பட நேரமில்லை. ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டி, நீளக் கம்பின் நுனியிலிருந்து சுவரோரம் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு விரற்கடை சாய்வு. படிக்கட்டில் நின்று யோசித்தபோது வழி ஒன்றுதான் தெரிந்தது. எடுத்த மணலைத் திருப்பி உள்ளே போட வேண்டும். அதுவும் வெளிமேட்டின் உச்சியிலிருந்தே எடுத்துப் போட வேண்டும். அப்படிச் செய்தால் தள்ளுகிற பக்கம் குறையும், தாங்குகிற பக்கம் கூடும். முற்றத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது.

"என்னாது, திருப்பிப் போடறதா?" என்றார் கடலூர்க்காரர். "காலையிலேர்ந்து வாரினத?"

"ஆமா."

"நல்ல வேளை, ஷவல்காரன் பாக்கல. பாத்தா வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவான்."

இரண்டு பேரும் வெளியே போய், சுவரிலிருந்து தள்ளிப் பலகை போட்டு நின்றுகொண்டு, மேட்டின் உச்சி மணலை விளிம்புக்கு மேலாக உள்ளே வீசினார்கள். இதற்குத்தான் அந்த முறம் பிறந்தது போலிருந்தது. மணல் விசிறிபோல விரிந்து சுவரின் அடியில் விழுந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நட்டு இருந்த இடத்திலேயே நின்றது. "நகரல அண்ணாச்சி, போடுங்க," என்று அவ்வப்போது குரல் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் உள்ளே மீண்டும் முழங்காலுக்கு மேல் மணல் ஏறியது. வெளிமேடு அந்த அளவுக்குத் தணிந்தது.

தொழுகை முடிந்து திரும்பிய பட்டாணியர் கேட்டில் நின்று முற்றத்தைப் பார்த்தார்.

"யே க்யா ஹுவா பாய்? ரேத் வாபஸ் அந்தர்?" மணல் எப்படித் திரும்ப உள்ளே வந்தது என்று கேட்டார்.

"மேடம் கா லிஸ்ட் உல்டா ஹோ கயா பாய்," என்றார் கடலூர்க்காரர், என் பட்டியல் தலைகீழாகிவிட்டது என்று.

பட்டாணியர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளுவண்டியைப் பிடித்தார்.

புதிய முறைக்கு நான் தாள் எதுவும் எழுதவில்லை. மணலுக்கு மேலே தெரிந்த கல் வரிகளுக்குச் சாக்பீஸால் உள்ளும் புறமும் எண் போட்டேன். மணல் இறங்க இறங்கக் கீழேயும் போட்டுக்கொண்டு போகலாம். முதலில் வெளியே மட்டும் எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு வெளியே ஒரு வரி, உள்ளே ஒரு வரி என்று மாறி மாறி. ஒரு பக்கம் முடியாமல் அடுத்த பக்கத்தைத் தொடக் கூடாது.

"இது சரியா வருமா அண்ணாச்சி? இப்பவே சொல்லுங்க, மூணு தடவை வேணும்னாலும் சொல்லுங்க."

அறந்தாங்கிக்காரர் சிரித்தார். "ஷவல சுவத்துக்கிட்ட விட வேணாம் மேடம். ரெண்டு ஆள் தூரத்துல நிறுத்துங்க. நாங்க இழுத்துப் போடுறோம், அவன் அங்கேருந்து அள்ளிக்கட்டும். சுவத்த முட்டினான்னா நீங்க போட்ட நம்பரெல்லாம் முற்றத்துலதான் கெடக்கும்."

அதை அப்படியே செய்தோம். ஷவல் ஓட்டுநர் இரண்டு மணிக்குச் சரியாக வந்தார். தள்ளி நிறுத்தச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். "யல்லா, ஜல்தி," என்று அவசரப்படுத்தி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு அவர் போனபோது மேட்டின் பெரும்பகுதி போயிருந்தது. சுவரை ஒட்டிய மணல் மட்டும் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டு இரண்டு வரியை ஒன்றாக எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை, எனக்கும்தான். அஸர் பாங்கு கேட்டபோது உள்ளும் புறமும் இன்னும் மூன்று வரி உயரத்துக்கு, முழங்காலளவு, மணல் இருந்தது.

வீட்டுக்காரர் சொன்ன நிபந்தனைப்படி நான் தோற்றிருந்தேன்.

அவர் பிக்கப்பை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். வெளிப்பக்கம் முழு நீளத்துக்கும் நடந்தார். உள்ளே வந்து மறுபடி நடந்தார். விரிசலுக்கு முன்னால் நின்று விரலை அதன்மேல் வைத்தார்.

"இது முன்னாடியே இருந்ததா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆளுயர மணல் மூன்று நாள் சாய்ந்திருந்த சுவர் அது; யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். கடலூர்க்காரர் எனக்குக் கண்ணைக் காட்டியதும் தெரிந்தது. ஆனால் என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தச் சுவரை யார் தொட்டாலும் அது விழும். அந்த விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இல்லை. இன்று பதினொன்றரை மணிக்கு வந்தது. நான் உள்பக்கத்தை முதலில் எடுக்கச் சொன்னேன். அது என் தவறு," என்றேன். பிறகு நூலைக் காட்டினேன், சாய்வைக் காட்டினேன், எண்களைக் காட்டினேன். மீதி மணலை இப்போது எடுக்கப் போவதில்லை, அதுதான் சுவரின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, உள்பக்கம் முட்டுத் தூண் கட்டிய பிறகு எடுக்கலாம் என்றேன். "நாளை ஷவல் வந்து ஒரு பக்கத்திலிருந்து வாரினால் சுவர் மொத்தமும் விழும். அதை நீங்கள் உடைப்பதாக இருந்தாலும் யாரும் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவர் விரிசலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டு போனார். அறந்தாங்கிக்காரர் மண்வெட்டியைச் சுவரில் சாய்க்கப் போனவர் சட்டென்று நினைவு வந்து தரையில் வைத்தார். வீட்டுக்காரர் அதைக் கவனித்தார்.

"இந்த வீட்டில் இதுவரை ஐந்து குடும்பம் இருந்திருக்கிறது," என்றார் கடைசியில். "குழாய் உடைந்தது, கதவு உடைந்தது, தண்ணீர்த் தொட்டி உடைந்தது. எல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே உடைந்திருந்ததாம். இதை நான் உடைத்தேன் என்று சொன்னது நீதான்." சொல்லும்போது மேடத்தை விட்டு, ஹிந்தியில் 'நீ' என்பதற்கான 'தும்' என்று சொன்னார். அது எனக்கு மரியாதைக் குறைவாகப் படவில்லை.

"தம்பி மகன்?" என்று கேட்டேன். கேட்காமல் விட என்னால் முடியவில்லை.

"அவனா? அவன் வந்திருந்தால் நேற்றே ஷவலை விட்டு முட்டியிருப்பான்." கையை உதறினார். "அவன் வேறு வீடு பார்க்கட்டும். தூண் என் பொறுப்பு. மணல் உன் பொறுப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை இதே ஆட்கள் இருக்க வேண்டும்."

அவர் போன பிறகு நால்வரும் வாசற்படியில் உட்கார்ந்து, நான் காலையிலேயே வடித்து வைத்திருந்த சோற்றையும் மீன்குழம்பையும் சாப்பிட்டோம். வேன் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கடலூர்க்காரர் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டே கேட்டார், "ஏன் மேடம், ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? எங்களுக்கு உயிரே போயிடுச்சு."

"போடா," என்றார் அறந்தாங்கிக்காரர். "சொல்லியிருந்தா நாளைக்கு ஷவல் வந்திருக்கும்."

கணவருக்குப் போன் செய்தபோது அவர் முதலில் கேட்டது ஷார்ஜா ஃபிளாட்டைப் பற்றித்தான். அக்கா இன்னும் யாருக்கும் கொடுக்காமல் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

"வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லுங்க," என்றேன். "நாளைக்குக் காலைல எனக்கு டியூட்டி இருக்கு."

அடுத்த வாரம் வீட்டுக்காரர் நான்கு தூண்கள் கட்டினார். இரண்டு போதும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் என் கணக்கை நம்பவில்லையோ என்னவோ, நான் விவாதிக்கவில்லை. மீதி மூன்று வரியை அதே மூவரும் வந்து எடுத்தார்கள். அந்த வீட்டில் மேலும் நான்கு வருடம் இருந்தேன். அந்த நான்கு வருடமும் மாசி மாதம் பிறந்தவுடன், காற்று எழும்புவதற்கு முன்பே லேபர் சப்ளை ஆபீஸுக்குப் போய் மூன்று ஆட்களுக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.